என்.பி.ஏ. சீசன் டிக்கெட்: போக முடியாத ஆட்டங்களை விற்பது எப்படி, விலை எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள் ஆடும். அதில் 41 சொந்த அரங்கில். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை என்று கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒன்றரை மாலை. வேலை, பிள்ளைகள், டிராஃபிக் எல்லாவற்றையும் தாண்டி 41 ஆட்டத்துக்கும் போகிறவர்கள் மிகக் குறைவு. சீசன் டிக்கெட் எடுத்த பெரும்பாலானோர் பாதிக்குப் போய், மீதியை விற்று, போட்ட பணத்தில் ஒரு பகுதியைத் தேற்றப் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. நூற்றுக்கணக்கில் வாங்கி விற்கும் புரோக்கர்களுக்கு மென்பொருள் இருக்கிறது, அவர்களுக்கு என் யோசனை தேவையில்லை.

நம்மூர் தியேட்டர் வாசலில் ‘பிளாக்’கில் விற்றதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு தயக்கம் வரும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மறுவிற்பனை சட்டப்படியானது. என்.பி.ஏ. அணிகளே அதற்கான வசதியைத் தங்கள் ஆப்பில் கொடுக்கின்றன. தொழிலாகச் செய்பவர்களுக்குச் சில மாநிலங்களில் உரிமம் வேண்டும். உங்கள் மாநில விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பணம் கட்டும் முன் விதிமுறையைப் படியுங்கள்

சீசன் டிக்கெட் உங்கள் சொத்து அல்ல. அணிகளின் விதிமுறையில் அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அனுமதி மட்டுமே. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் வாய்ப்பும் அணி பார்த்துக் கொடுப்பதுதான். எல்லாம் மொபைல் டிக்கெட் ஆகிவிட்டதால் எந்த டிக்கெட் யாருக்குக் கைமாறியது என்பது அணிக்குத் தெரியும். ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் விற்பவரைப் புரோக்கர் என்று முடிவு கட்டிப் புதுப்பிக்க மறுக்கும் அணிகள் உண்டு.

எங்கே விற்கலாம் என்பதும் சண்டைக்குரிய விஷயம். 2015-இல் மறுவிற்பனைத் தளமான ஸ்டப்ஹப், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி மீதும் டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் மீதும் வழக்குப் போட்டது. டிக்கெட்மாஸ்டர் தளத்தில்தான் மறுவிற்பனை செய்ய வேண்டும் என்று சீசன் டிக்கெட்காரர்களை வாரியர்ஸ் நெருக்குகிறது என்பது புகார். அதே ஆண்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே, டிக்கெட்டை வேறு தளத்துக்கு மாற்றத் தடை உண்டா, ஆட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு பரிமாற்றம் திறக்கும், பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றுகள்) டிக்கெட்டுக்கு முன்னுரிமை உண்டா, அது என்ன விலையில் என்று விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிக்கெட் விலைக்கு மேல் ஒருமுறைக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாரியர்ஸ் 2019-இல் சேஸ் சென்டர் என்ற புது அரங்குக்குக் குடிபோனபோது உறுப்பினர்களிடம் ஒரு பெரிய தொகை வாங்கினார்கள். வட்டியில்லாமல் 30 ஆண்டு கழித்துத் திருப்பித் தருவோம் என்பது ஏற்பாடு! அதையும் செலவில் சேர்க்காமல் லாப நஷ்டம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே விற்பனையையும் நினைக்க வேண்டும். இரண்டு இருக்கை, நடைபாதையை ஒட்டியது என்றால் எப்போதும் போணியாகும். கீழ்த்தளத்தின் மூலையில் கடைசி வரிசையைவிட மேல்தளத்தின் நடுவில் முதல் வரிசை எனக்கு மேல். வாங்கும் விலை குறைவு, தேடுபவர்கள் அதிகம்.

2. அடக்க விலையைச் சரியாகப் போடுங்கள்

ஓர் உதாரணம். இரண்டு இருக்கைக்கு மொத்தம் 8,800 டாலர் கட்டினீர்கள். பேக்கேஜில் 44 ஆட்டங்கள். ஓர் இருக்கைக்கு ஆட்டத்துக்கு 100 டாலர் என்று தோன்றும். ஆனால் அந்த 44-இல் 3 சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். நட்சத்திரங்கள் கால் மணி நேரம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடும் ஆட்டங்கள் அவை. 15 டாலருக்குப் போனாலே பெரிது. அந்த நஷ்டத்தை மீதி 41 ஆட்டத்தின் தலையில் ஏற்றினால் ஓர் இருக்கையின் உண்மையான அடக்கம் சுமார் 106 டாலர்.

இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீசன் கடைசியில் கணக்குப் பார்க்க அது வேண்டும். ஆனால் தனித்தனி ஆட்டத்துக்கு விலை வைக்கும்போது அதை மறந்துவிடுங்கள். ‘நான் 106 கொடுத்தேன், அதற்குக் கீழே விற்க மாட்டேன்’ என்று செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்குப் பிடிவாதம் பிடிப்பவர்கள் காலி இருக்கைக்குச் சொந்தக்காரர்களாகத்தான் முடிகிறார்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அக்கறையில்லை.

3. ஆகஸ்டில் அட்டவணை வந்ததும் ஆட்டங்களைத் தரம் பிரியுங்கள்

அட்டவணை வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் வரும். அன்றைக்கே உட்கார்ந்து எல்லா ஆட்டங்களையும் மூன்று கட்டாகப் பிரித்துவிடுங்கள். சீசனுக்கு நடுவே நடக்கும் என்.பி.ஏ. கோப்பைப் போட்டி 2023-இல் தொடங்கியதிலிருந்து ஆகஸ்டில் 80 ஆட்டங்கள்தான் அறிவிக்கிறார்கள். மீதி இரண்டு டிசம்பரில் தெரியவரும்.

எந்த அணி எத்தனை முறை வருகிறது என்பது முதலில் பார்க்க வேண்டியது. என்.பி.ஏ. அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக (‘மாநாடு’) இருக்கின்றன. எதிர் மாநாட்டு அணிகள் பதினைந்தும் சீசனுக்கு ஒரே ஒரு முறைதான் உங்கள் ஊருக்கு வரும். சொந்த மாநாட்டு அணிகளுடன் 3 அல்லது 4 முறை மோத வேண்டும், அதில் ஒன்றோ இரண்டோ உங்கள் அரங்கில் நடக்கும். மேற்கு மாநாட்டைச் சேர்ந்த லாஸ் ஏஞ்சலஸ் அணி லேக்கர்ஸ் கிழக்கில் இருக்கும் ஒரு நகரத்துக்கு வருவது ஆண்டுக்கு ஒரு மாலை. அந்த ஊரில் குடியேறிய கலிஃபோர்னியாக்காரர்கள், உள்ளூர் ரசிகர்கள், மகனைக் கூட்டிவரும் அப்பாக்கள் எல்லோரும் அந்த ஒரே மாலையைக் குறிவைப்பார்கள். அதே லேக்கர்ஸ், தன் மாநாட்டு அணியான வாரியர்ஸின் ஊர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இரண்டு முறை வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும்.

அப்புறம் கிழமை. வெள்ளி, சனி இரவுகளும் கிறிஸ்துமஸை ஒட்டிய பள்ளி விடுமுறை நாட்களும் ஒரு பக்கம். பள்ளி நடக்கும் வாரத்தின் திங்கள், செவ்வாய், புதன் மறுபக்கம். சுமாரான அணிகூட சனிக்கிழமை வந்தால் நடுத்தரத்துக்கு ஏறிவிடும்.

நேர்மையாகச் சொன்னால் முதல் கட்டில் ஏழெட்டு ஆட்டங்கள்தான் தேறும். சீசன் டிக்கெட்டின் மதிப்பில் பெரும்பங்கு அந்த ஏழெட்டில் இருக்கிறது. அந்த ஆட்டங்களுக்கு நீங்களே போய்விட்டு மீதியை விற்றால் போட்ட பணம் திரும்பாது. தப்பில்லை, கூடைப்பந்து பார்க்கத்தானே வாங்கினோம்! ஆனால் அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

4. விலை எப்படி முடிவாகிறது

டிக்கெட் தேடும் ஒருவர் திரையில் என்ன பார்க்கிறார் என்று யோசியுங்கள். விலை குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒரு பட்டியல், பக்கத்தில் அரங்கின் வரைபடம். அரங்குக்குள் நுழைய ஆகும் மிகக் குறைந்த விலைதான் அன்றைய சந்தையின் தரைமட்டம். ஒவ்வொரு பகுதியும் அந்தத் தரையிலிருந்து இவ்வளவு மேலே என்று நிற்கிறது. தரை இறங்கினால் உங்கள் இருக்கையும் சேர்ந்து இறங்கும்.

ஆகவே உங்கள் விலையை முடிவு செய்வது அதே பகுதியில், அதே தரத்தில், இப்போது விற்பனைக்கு இருக்கும் மிக மலிவான ஜோடி. உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் 82 டாலருக்கு ஒரு ஜோடி இருந்தால் நீங்கள் 120 போட்டு வைத்திருப்பது வெறும் அலங்காரம். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பட்டியலில் இருப்பவை கேட்கும் விலைகள், இன்னும் விற்காதவை. விற்றுப்போன விலை வேறு. சில தளங்கள் விற்பவர்களுக்கு அண்மையில் விற்ற விலைகளைக் காட்டுகின்றன. காட்டாத தளத்தில் தினமும் ஒருமுறை உங்கள் பகுதியைப் பார்த்து, எது மறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்று குறித்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

போட்டிக்கு இருப்பவர்கள் மூன்று வகை. உங்களைப் போன்ற சீசன் டிக்கெட்காரர்கள். புரோக்கர்கள்: இவர்களின் மென்பொருள் பக்கத்து விலையைப் பார்த்து ஒரு டாலர் குறைத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது அணியே. டிக்கெட் விலையைத் தேவைக்கேற்ப நாளுக்கு நாள் மாற்றும் முறையை 2009-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி சோதித்துப் பார்த்தது. பிறகு அது மற்ற விளையாட்டுகளுக்கும் பரவிவிட்டது. அணியிடம் இன்னும் விற்காத இருக்கைகள் 75 டாலருக்கு இருக்கும்போது அதே பகுதியை நீங்கள் 90-க்கு விற்க முடியாது. அணியின் சொந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விலை வைக்காதீர்கள்.

5. செய்தி விலையை உடைக்கும் விதம்

இதுதான் இந்த வியாபாரத்தில் சுவாரசியமான பகுதி. கடினமானதும் இதுதான்.

2015 நவம்பர் 29 அன்று லேக்கர்ஸின் நட்சத்திரம் கோபி பிரயன்ட் அந்த சீசனோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அதுவரை யாரும் சீந்தாத, தோற்றுக்கொண்டிருந்த லேக்கர்ஸின் கடைசி ஆட்டத்துக்குச் சில மணி நேரத்தில் விலை எகிறியது. 2016 ஏப்ரல் 13 அன்று அந்த ஆட்டத்தில் அவர் 60 புள்ளிகள் எடுத்தார். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் டாலஸ் அணி தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. உடனே, ஏப்ரல் 9 அன்று அவர் எதிரணி வீரராக டாலஸுக்குத் திரும்பும் ஆட்டம் அந்த அரங்கின் மிக விலையுயர்ந்த ஆட்டங்களில் ஒன்றானது. இப்படி யோகம் அடித்தவர்களின் கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

மறுபக்கத்துக்கு வாரியர்ஸின் 2019–20 சீசனைப் பாருங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து இறுதிப்போட்டி ஆடிய அணி, பளபளக்கும் புது அரங்கு, 18,064 இருக்கைகள். அணியின் நட்சத்திரங்களில் கெவின் டுரான்ட் ஏற்கெனவே புரூக்ளினுக்குப் போய்விட்டார், கிளே தாம்ப்சன் முழங்கால் காயத்தில். அக்டோபர் 30 அன்று ஸ்டெஃபன் கறியின் இடது கை உடைந்தது. சீசன் தொடங்கி ஒரு வாரம்தான். அணி 15 ஆட்டங்களில் ஜெயித்து 50-இல் தோற்றது. புது அரங்குக்கு உயர்ந்த விலை கட்டியவர்கள் அதில் ஒரு பகுதிக்குத்தான் விற்க முடிந்தது.

பெண்கள் கூடைப்பந்திலும் இதே கதை. நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் இருக்கிறார் என்பதற்காகவே இண்டியானா ஃபீவர் வரும் ஆட்டங்களை எதிரணிகள் பெரிய அரங்குகளுக்கு மாற்றின. 2025 ஜூன் 7 அன்று சிகாகோ ஸ்கை அப்படி யுனைடெட் சென்டருக்கு மாற்றிய ஆட்டத்தில் அவர் காயத்தால் ஆடவில்லை. நுழைவு விலை சரிந்துவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: எதிரணியின் ஒரே நட்சத்திரத்தை நம்பி விலை நிற்கும் ஆட்டத்தைச் சீக்கிரம் விற்றுவிட வேண்டும். ஏற்கெனவே உயர்ந்த விலை இன்னும் கொஞ்சம் ஏறலாம். ஆனால் அவர் ஆடவில்லை என்ற செய்தி வந்தால் பாதியாக விழும். ஏறும் தூரம் குறைவு, விழும் தூரம் அதிகம்.

காயப் பட்டியலை என்.பி.ஏ. அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த நாளில் ஆடும்போது இரண்டாம் ஆட்டத்துக்கு அன்று மதியம் 1 மணிக்குள். அதற்கு முன்பே விற்றுவிட்டால் அந்த அபாயம் வாங்குபவருடையது. உங்கள் அரங்குக்கு வரும் அணி முந்தைய இரவு வேறு ஊரில் ஆடியிருக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள். ஆடியிருந்தால் வயதான நட்சத்திரம் ஓய்வெடுக்க வாய்ப்பு அதிகம். 2023-இல் கொண்டுவந்த விதியின்படி ஒரே ஆட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுக்க முடியாது, நாடு முழுக்க ஒளிபரப்பாகும் ஆட்டங்களில் அவர்கள் ஆடத் தயாராக இருக்க வேண்டும். அதனால் தேசிய ஒளிபரப்பு உள்ள ஆட்டம் கொஞ்சம் பத்திரம். காயத்துக்கு எந்த விதியும் தடையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

6. எப்போது போடுவது, எப்போது குறைப்பது

ஆட்டம் தொடங்கியதும் டிக்கெட்டின் மதிப்பு பூஜ்யம். அதனால் தேதி நெருங்க நெருங்க விற்பவர்கள் இறங்கி வருவார்கள். பேஸ்பால் மறுவிற்பனைச் சந்தையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ ஸ்வீட்டிங், ஆட்ட நாள் நெருங்கும்போது விற்பவர்கள் விலையை 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைப்பதாக 2012-இல் எழுதினார். கூடைப்பந்தில் சாதாரண ஆட்டங்களுக்கும் இந்தச் சரிவு இருக்கிறது.

என் முறை இப்படி. கடைத்தர ஆட்டங்களை அட்டவணை வந்து பரிமாற்றம் திறந்ததுமே போட்டுவிடுவேன், எவ்வளவு வந்தாலும் சரி. வெளியூரிலிருந்து வருபவர்கள் பயணத் தேதியைப் பார்த்து முன்கூட்டியே வாங்குவார்கள், அவர்களுக்கு எதிரணி யாரென்பது முக்கியமில்லை. நடுத்தர ஆட்டங்களை மூன்று வாரம் முன்பு, பக்கத்து மலிவு ஜோடியைவிட 15 சதவீதம் மேலே வைத்துத் தொடங்கி, வாரம் ஒருமுறை இறக்கி, கடைசி வாரத்தில் அந்த மலிவு விலைக்கே வந்துவிடுவேன். ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விலையைக் குறைப்பார்கள். அந்த வெள்ளத்துக்கு முன் வெளியேறுவது நல்லது.

விதிவிலக்கு, உங்கள் சொந்த அணி தொடர்ந்து ஜெயித்து மேலே வரும்போது. அப்போது காத்திருப்பவர்களுக்குத்தான் லாபம். மார்ச், ஏப்ரல் ஆட்டங்களை அவசரப்பட்டு ஜனவரியில் தள்ளாதீர்கள்.

7. கமிஷன் கணக்கு

ஒவ்வொரு தளமும் இரண்டு பக்கமும் வெட்டும். விற்பவரிடம் பொதுவாக 10 முதல் 15 சதவீதம், வாங்குபவரிடம் அதற்கு மேலே. வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம், விற்பவர் கட்டணம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 100 டாலர் கட்டினால் உங்கள் பட்டியல் விலை 80, உங்கள் கைக்கு 72. திருப்பிப் போடுங்கள்: கைக்கு 100 வர வேண்டுமென்றால் 111 போட வேண்டும், வாங்குபவர் 139 கட்ட வேண்டும். டிக்கெட் விலைக்கு மேல் 39 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு அசலே தேறும்.

2025 மே 12 முதல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதிப்படி கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அதனால் தளங்களை ஒப்பிடுவது எளிதாகிவிட்டது. நீங்கள் போட்ட விலையும் வாங்குபவர் காணும் விலையும் வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அலுவலக நண்பர்கள், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு என்று நேரடியாகக் கொடுத்தால் அந்த 100-க்கும் 72-க்கும் இடையிலான 28 டாலரை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். 86-க்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் லாபம். பணம் வந்தபிறகு டிக்கெட்டை அனுப்புங்கள், நண்பர்தானே என்று விட்டால் கேட்பதற்குக் கூச்சப்பட்டே போய்விடும்.

8. பட்டியலிடும்போது கவனிக்க

ஒரே டிக்கெட்டை இரண்டு தளத்தில் போட்டு, ஒன்றில் விற்றதும் மற்றதில் எடுக்க மறந்தால் அபராதம் உண்டு. புரோக்கர்களின் மென்பொருள் தானாக எடுத்துவிடும், உங்களுக்கு அந்த வசதியில்லை, ஒரு தளம் போதும். நான்கு இருக்கை வைத்திருந்தால் ஜோடியாக மட்டும் பிரிக்க அனுமதியுங்கள். ஒற்றை இருக்கை மிஞ்சினால் அது பெரிய தள்ளுபடிக்குத்தான் போகும். டிக்கெட்மாஸ்டரின் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் வகை, ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பயனில்லை. கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

9. பிளேஆஃப்

இது தனி உலகம். வழக்கமாகச் சுற்றுக்குச் சுற்று அணி உங்கள் அட்டையில் பணம் எடுக்கும், சுற்று ஏற ஏற விலையும் ஏறும். ஏழு ஆட்டத் தொடரில், சீசனில் அதிக ஆட்டங்கள் ஜெயித்த அணிக்கு 1, 2, 5, 7 ஆகியவை சொந்த அரங்கில். 5-ம் 7-ம் நடக்காமலே போகலாம். நடக்காத ஆட்டத்துக்கு விற்றிருந்தால் வாங்கியவருக்குப் பணம் திரும்பும், விற்ற பணம் உங்களுக்கு வராது. அந்தப் பணத்தை வந்ததாக நினைத்துச் செலவழிக்காதீர்கள். இரண்டு ஆட்டங்களைத் தோற்றுப் பின்தங்கியிருக்கும்போது அடுத்த ஆட்டத்தின் விலை இரவோடிரவாக விழும். முதல் சுற்றின் முதல் ஆட்டம் சாதாரணமாகவே இருக்கும், அதற்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

10. வரியும் விசாவும்

ஒரு தளத்தில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேலும் 200 விற்பனைக்கு மேலும் போனால், உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவம் வரும். இடையில் இந்த வரம்பைக் குறைக்கப் பார்த்தார்கள், 2025 ஜூலைச் சட்டம் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டது. சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு. படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்பது இதில் உள்ள கசப்பு. எந்த ஆட்டம், எவ்வளவு அடக்கம், கைக்கு எவ்வளவு என்று ஒரு எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போக முடியாத ஆட்டத்தை விற்பது ஒன்று, லாபத்துக்காகவே பல கணக்குகளில் வாங்கி விற்பது வேறொன்று. பின்னது தொழில் நடத்துவதாகப் பார்க்கப்படலாம், அந்த விசா உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு உழைக்க மட்டுமே அனுமதிக்கிறது. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவை அல்ல.

11. புதுப்பிப்பதா, விடுவதா

புதுப்பிக்கும் கடிதம் பெரும்பாலும் சீசன் முடிவதற்கு முன்பே வந்துவிடும், பெரும்பாலும் விலையுயர்வோடு. அப்போது உங்கள் எக்செல் தாளைத் திறந்து, நீங்கள் போன ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு, விற்றவற்றில் சராசரியாகக் கைக்கு என்ன வந்தது என்று பாருங்கள். அடக்கம் 106, கைக்கு வந்த சராசரி 61 என்றால், விற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 45 டாலர் கொடுத்துத்தான் மற்ற ஆட்டங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தொகையைக் கூட்டி, நீங்கள் போன ஆட்டங்களுக்குத் தனித்தனியாக மறுவிற்பனைச் சந்தையில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். சுமாரான அணிகள் பலவற்றில் தனித்தனியாக வாங்குவதே மலிவு.

விட மனமில்லை என்றால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஜோடியை எடுப்பது நல்ல வழி. ஆகஸ்டில் அட்டவணை வந்த வாரம் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்றும் அடுத்த சுற்றில் 4, 3, 2, 1 என்றும் ஆளுக்கொரு ஆட்டமாக எடுத்துக்கொண்டே போனால் நல்ல ஆட்டங்கள் ஒருவரிடமே சேராது. பணம் கட்டும் கணக்கு யார் பெயரில், பிளேஆஃப் வந்தால் எப்படிப் பிரிப்பது, நடுவில் ஒருவர் ஊர் மாறிப் போனால் அவர் பங்கு யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி நான்கு பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.